மலைநாட்டில் அற்றுப்போனவையும் அவை விட்ட தடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உயிரினங்களின் அழிவு பற்றிய பாடம் வரும் தவணையில் பிள்ளைகளின் கேள்விகள் பாடவேளையோடு நிற்பதில்லை. லயத்து வீட்டுக்குப் போய் அப்பாயியிடம் கேட்பார்கள். அப்பாயிக்கு ஞாபகம் வந்ததை மறுநாள் என்னிடம் கொண்டுவருவார்கள். அப்புறம் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அப்பாமாரும் ஓரமாக நின்று ஒன்றிரண்டு கேட்பார்கள். பல வருடமாகக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துவைத்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அந்த விஷயங்கள் என் மனதை விட்டுப் போகாதவை.

ஓர் உயிரினம் "அழிந்துவிட்டது" என்று எப்போது சொல்லலாம்?

கடைசி ஒன்றும் செத்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சாதபோது. சிவப்புப் பட்டியலைத் தயாரிக்கும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். அது இருக்கக்கூடிய இடமெல்லாம் போய், அது வெளியே வரும் நேரமும் பருவமும் பார்த்து, திரும்பத் திரும்பத் தேடியிருக்க வேண்டும். பட்டப்பகலில் போய்த் தேவாங்கைத் தேடிவிட்டு இல்லை என்று கைவிரிக்க முடியாது.

பிள்ளைகள் இங்கே இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்வார்கள். உலகத்திலேயே இல்லாமல் போவது ஒன்று, ஓர் இடத்தில் மட்டும் அற்றுப்போவது இன்னொன்று. ஹோட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை, ஆனால் உடவளவைக்குப் போனால் பார்க்கலாம். றம்பொடையில் இருந்த ஒரு சின்னத் தவளையை இனி எங்கே போயும் பார்க்க முடியாது. அந்தத் தவளைக்குக் கீழே தனியாக வருகிறேன்.

நம் மலையைத் தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா?

கிடைக்காது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம் இந்த இடத்தில் வாடிப்போகும், ஆனால் காரணம் அழகானது. நம் மலைகளின் பாறை டைனோசரை விட மிகமிகப் பழையது. பூமியின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இப்போதைய வடிவத்துக்கு வந்துவிட்ட பாறை அது. டைனோசர்கள் தோன்றியதே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அப்படி வெந்து உருமாறிய பாறைக்குள் எலும்பு தங்காது. சேறும் மணலும் படிந்து இறுகிய பாறையில்தான் புதைபடிவம் நிற்கும். இலங்கையில் டைனோசர் காலத்துப் படிவுகள் வடமேற்கில் தப்போவை, ஆண்டிகம பக்கத்தில் கொஞ்சம் உண்டு. அங்கே கிடைத்தவை செடிகொடிகளின் தடங்கள்.

இலங்கையில் உண்மையாகவே சிங்கம் இருந்ததா? கொடியில் மட்டும்தானா?

இருந்தது. கொடி அதற்குச் சாட்சி இல்லை, இரண்டு பல் சாட்சி. சிவனொளிபாத மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் இரத்தினபுரிப் பள்ளத்தாக்கில் காலம் காலமாகச் சரளைக்கல்லைக் கொண்டுபோய்க் கொட்டின. அந்தச் சரளையில்தான் மாணிக்கக்கல் இருக்கிறது. கல் தேடிக் குழி தோண்டியவர்கள் கல்லோடு எலும்பும் பல்லும் எடுத்தார்கள். குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்துத்தான் 1939ல் பி. ஈ. பி. தெரணியகல இலங்கைச் சிங்கத்துக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். பின்னர் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக நெடுங்காலம் இருந்தவர் அவர். அதே சரளைப் படிவுகளிலிருந்து காண்டாமிருகமும் நீர்யானையும் வெளியே வந்தன. மழைக்காலத்தில் நம் மலையிலிருந்து ஓடும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில், ஒரு காலத்தில் நீர்யானை முங்கிக் கிடந்திருக்கிறது!

இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. அந்தக் குழிகளில் இறங்கியவர்கள் மாணிக்கம் தேடிப் போனவர்கள். எலும்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். யாரோ ஒரு கூலிக்காரர் ஒரு பல்லைக் கழுவிப் பார்த்து, இது வேறு மாதிரி இருக்கிறதே என்று எடுத்துவைத்ததால்தான் நமக்குச் சிங்கம் தெரியும்.

சாமிமலையில் "கவரவில" என்று ஒரு தோட்டம் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்டது அந்தத் தோட்டத்திலிருந்தே வந்த ஒரு பையன். சிங்களத்தில் "கவர" என்றால் பெரிய காட்டுமாடு, "வில" என்றால் நீர் நிற்கும் இடம். காட்டுமாடு தண்ணீர் குடிக்க வந்த சதுப்பு என்று பிரித்துப் படிக்கலாம். இலங்கையில் இன்று அந்த மாடு ஒன்றுகூட இல்லை. நாம் எருமையைப் பார்க்கிறோம், மரையைப் பார்க்கிறோம். கவர வேறு.

அதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்த ஒருவர் இருக்கிறார். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் காலத்தில் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடி இங்கே கைதியாகப் பத்தொன்பது வருடம் இருந்தார். தப்பிப்போய் 1681ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் "கவர" என்ற விலங்கைப் பற்றிச் சொல்கிறார்: காளை மாதிரி இருக்கும், முதுகில் கூரான மேடு, நான்கு கால்களும் பாதி உயரம் வரை வெள்ளை. அரசன் வைத்திருந்த விலங்குகளுக்கு நடுவில் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தாராம். அப்போதே அது அருகிப்போயிருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். காட்டில் நிறையத் திரிகிற விலங்கை அரசன் ஏன் காட்சிக்குக் கட்டிவைக்கிறான்?

இனி ஒரு சொந்தக் கதை. எங்கள் சித்தப்பா குடும்பம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனது. 1964ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் மலைநாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்றியது. அவர்கள் இப்போது கோத்தகிரியில் இருக்கிறார்கள், அங்கேயும் கொழுந்துதான் எடுக்கிறார்கள். போன வருடம் சித்தப்பாவின் பேத்தி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். விடியற்காலம், தேயிலை மலை, பனி. தூர்களுக்கு நடுவில் ஒரு காட்டுமாடு அசையாமல் நிற்கிறது. கறுத்த உடம்பு, முதுகு மேடு தட்டி நிற்கிறது. தேயிலைக்கு மேலே கால் தெரியாது. அப்புறம் அது வடிகான் தாண்டிப் பாதைக்கு வந்தது. நான்கு காலிலும் முழங்கால் வரை வெள்ளை. வகுப்பில் அந்த வீடியோவைக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த பிள்ளை, "டீச்சர், சொக்ஸ் போட்டிருக்கு!" என்றாள்.

நொக்ஸ் முந்நூற்று நாற்பது வருடத்துக்கு முன் எழுதிய அடையாளம் அப்படியே அந்தப் பிள்ளையின் வாயில் வந்தது. நீலகிரியில் நம் சொந்தக்காரர்களின் வாசலில் நிற்கிற மாடு, இங்கே ஒரு தோட்டத்துப் பெயரில் மட்டும் நிற்கிறது. சம்பளச் சீட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் அந்தப் பெயரை நாம் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

றம்பொடைத் தவளை என்று சொல்கிறீர்களே, அது என்ன?

1876க்கு முன் றம்பொடையில் யாரோ சில தவளைகளைப் பிடித்தார்கள். அவை மதுசாரத்தில் போடப்பட்டு லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் போத்தலுக்குள்ளே கிடந்தன. இலங்கை ஆய்வாளர்கள் அந்தப் பழைய போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, இது இதுவரை பெயர் வைக்காத தனி இனம் என்று கண்டார்கள். 2007ல் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்றே அது அழிந்துபோன இனம். காட்டில் தேடினால் அது இல்லை.

பெயர் சூடோஃபிலாட்டஸ் மாயா. நம் காதுக்கு மாயா என்றால் மாயை நினைவுக்கு வரும். கிரேக்கக் கதையில் மாயா ஒரு தாய். அந்தப் பெயருக்குக் காரணம், போத்தலில் இருந்த பெண் தவளை ஒன்றின் அடிவயிற்றில் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இந்த இனக்குழுவைச் சேர்ந்த தவளைகள் தண்ணீரில் முட்டை இடுவதில்லை. ஈரமான இலைச்சருகிலோ மண்ணிலோ இலையிலோ இடும். வாற்பேத்தைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து, நகத்தளவு தவளையாக வெளியே குதிக்கும். முட்டையை இட்டுவிட்டுப் போவதுதான் இவற்றின் வழக்கம் என்று நினைத்திருந்தோம். றம்பொடையில் ஒரு தாய் முட்டையை வயிற்றோடு சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். எத்தனை நாள் சுமந்தாள், குஞ்சு வெளியே வந்த பிறகு என்ன செய்தாள் என்று பார்க்க இனி ஒரு தவளையும் இல்லை. அவளுடைய இனத்தின் பழக்கத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது மதுசாரத்தில் உறைந்த அந்த ஒரு கணம் மட்டும்தான்.

நான் இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும். றம்பொடை அருவியைப் பார்க்க எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறோம்! வளைவில் இறங்கிப் படம் எடுத்திருக்கிறோம்.

இது ஒரு தவளையின் கதை மட்டும் இல்லை. உலகம் முழுவதும் அழிந்ததாகப் பதிவான ஈரூடகவாழிகளில் ஏறத்தாழ பாதி இந்தச் சின்னத் தீவுக்குரியவை. பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் பல நூதனசாலைப் போத்தலில் மட்டுமே தெரிந்தவை.

அந்தத் தவளைகள் ஏன் அழிந்தன?

காடு போனதுதான் முதல் காரணம். வாற்பேத்தை இல்லாத தவளைக்குக் குளம் தேவையில்லை, ஆனால் நிழலும் ஈரச் சருகும் கட்டாயம் வேண்டும். காட்டை வெட்டி எரித்து வெயில் தரைக்கு வந்துவிட்டால் முட்டை ஒரே நாளில் காய்ந்துபோகும். ஒரு மலைச்சரிவில் மட்டும் வாழும் இனத்துக்கு அந்தச் சரிவு போனால் உலகமே போனது.

அப்படியென்றால் காட்டை வெட்டிய நம் முன்னோர்தான் காரணமா?

இதை ஒரு மாணவி மிகவும் தயங்கிக் கேட்டாள். நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

1840ல் ஆங்கிலேய அரசு ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. காணி உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்றாகி, அந்த நிலம் கோப்பித் தோட்டம் போடுவதற்கு மலிவாக விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகளே நிறையப் பேர். கோடரி பிடித்தவர்கள் கண்டிக் கிராமத்துச் சிங்களவர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்களும். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. எந்த மரத்தை விடுவது, எந்தச் சரிவைக் காட்டாகவே வைப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்களில் ஒருவர்கூட இருந்ததில்லை.

அதற்காக வெட்டுப்பட்ட காடு வெட்டுப்படாததாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். 1873ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின் பேரில் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாமல் விடத் தீர்மானித்தார்கள். இன்று மலை உச்சிகளில் கறுப்பாகத் தெரியும் காட்டுக்கு அந்த முடிவும் ஒரு காரணம். அதற்குக் கீழே இருந்த காடு அதற்குள் பெரும்பாலும் போய்விட்டது.

கோப்பி அழிந்ததும் இதே மாதிரி ஓர் அழிவா?

கோப்பிச் செடி உலகத்தில் இருக்கிறது, இனமாக அழியவில்லை. மலைநாட்டில் ஒரு காலமே அழிந்தது. 1869ல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் ஒரு பூஞ்சை நோய் தெரிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அதே வருடம் பெயர் வைத்தார்கள். மலை முழுக்க ஒரே செடி, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, நடுவில் காற்றைத் தடுக்க ஒரு காட்டுத் துண்டுகூட இல்லை. நோய்க்கு அதைவிட என்ன வேண்டும்? 1880ல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை ஆய்வுக்கு அனுப்பினார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்று அவர் கண்டுபிடித்தார், ஆனால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. பதினைந்து இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் முடிந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867ல் 19 ஏக்கரில் போட்டுவைத்திருந்த தேயிலை அந்த இடத்துக்கு வந்தது.

தடம் பார்க்க வேண்டுமா? பழைய லயங்களின் பின்னால், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், ஒன்றிரண்டு கோப்பிச் செடி இன்னும் நிற்கும். மழை விட்ட ஒரு நாளில் அதன் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் மஞ்சள் புள்ளி இருந்தால் கீழ்ப்பக்கம் அதே இடத்தில் செம்மஞ்சள் பொடி இருக்கும். விரலால் தொட்டால் மஞ்சள்தூளை விடக் கொஞ்சம் சிவந்த நிறத்தில் ஒட்டும். ஒரு சாம்ராச்சியத்தின் கோப்பியைச் சாய்த்தது அந்தப் பொடிதான்.

இன்னும் பெரிய தடங்கள் உண்டு. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867ல் திறந்த ரயில் பாதை கோப்பி மூட்டை இறக்கப் போட்ட பாதை. கோப்பி போனது, ரயில் இன்னும் ஓடுகிறது. அப்பாயிமார் இன்னும் "கோப்பிக்காலம்" என்று ஒரு சொல் சொல்வார்கள், ஆதி காலம் என்ற அர்த்தத்தில். நம் முன்னோர் இந்த மலைக்கு வந்ததே தேயிலைக்காக இல்லை, கோப்பிக்காக. கோப்பி விட்டுச்சென்ற தடங்களில் நாமும் ஒன்று.

மலையில் இருந்த யானைகள் எங்கே போயின?

சுடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் யானை சுடுவது ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பொழுதுபோக்கு. பயிரை அழிக்கிறது என்று அரசே யானைக்குப் பணமும் கொடுத்தது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்பவர் மட்டும் 1,400 யானைக்கு மேல் சுட்டதாகச் சொல்கிறார்கள். 1845ல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. யானைச் சாபம் என்று ஊரில் கதை. கதை எப்படியும் போகட்டும், 1,400 என்ற எண்ணை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயர்களே யானைப் பாதைகளின் சரிவைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். செங்குத்தான மலையில் எது சுலபமான ஏற்றம் என்று யானைக்குத் தெரியும், அது நடந்து நடந்து பாதை பதிந்திருக்கும். பாதையைப் போட்டவையும் போய், அந்தப் பாதைகளும் மூடிப்போய்விட்டன.

மண்ணுக்குள் தடம் இருக்குமா?

இருக்கும். ஹோட்டன் சமவெளியின் சதுப்புகளில் மட்கிய கரி மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் அந்தந்தக் காலத்து மகரந்தம் சிக்கியிருக்கும். குழாய் இறக்கி மண்ணை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து, இருபதாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் அங்கே எப்போது மழை குறைந்தது, எப்போது காடு வந்தது, எப்போது புல் வந்தது என்று ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். பூ வாடி மண்ணாகிவிட்டது, அதன் தூள் நிற்கிறது. சமவெளிக்குச் சுற்றுலா போகும்போது பாதையை விட்டுச் சதுப்பில் இறங்காதீர்கள் என்று நான் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழிந்துவிட்டது என்று சொன்னது திரும்பி வந்ததுண்டா?

உண்டு. அது திரும்பி வந்ததாகச் சொல்லக் கூடாது, அது அங்கேயேதான் இருந்தது. நாம்தான் போய்ப் பார்க்கவில்லை.

ஹோட்டன் சமவெளித் தேவாங்கு 1937லிருந்து நான்கு தடவை மட்டுமே கண்ணில் பட்டிருந்தது. அறுபது வருடத்துக்கு மேல் யாரும் பார்க்காததால் போய்விட்டது என்றே நினைத்தார்கள். 2002ல் இருட்டில் ஒரு ஜோடிக் கண்ணின் பளபளப்பு தெரிந்தது. பிறகு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தையும் லண்டன் விலங்கியல் சங்கத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இரவிரவாகக் காட்டில் தேடி, 2010ல் உலகத்துக்கு அதன் முதல் படத்தைக் காட்டினார்கள். குட்டைக் கை கால், குளிருக்கு ஏற்ற அடர்த்தியான ரோமம், தட்டு மாதிரி இரண்டு கண்.

சிவனொளிபாத மலைக் காட்டில் இன்னும் அதிசயம். எட்வர்ட் கெலார்ட் 1853ல் விவரித்த நட்சத்திரப் புள்ளித் தவளை, நூற்றைம்பது வருடத்துக்கு மேல் காணாமல் இருந்து, 2009ல் அங்கே கிடைத்தது. 1872ல் விவரித்த கண்டிக் குள்ளத் தேரையும் அதே வருடம் அதே காட்டில் கிடைத்தது. 1876ல் விவரித்த இன்னொரு தவளையைக் கண்ட செய்தி 2013ல் வந்தது. அந்தக் காடு வெட்டுப்படாமல் நின்றதால்தான் அவை நின்றன. ஒவ்வொரு பருவத்திலும் லட்சக்கணக்கானவர்கள் நல்லதண்ணியிலிருந்து ஏறுகிறோமே, அந்தப் படியின் இரண்டு பக்கமும் இருக்கிற காடுதான். தண்ணீர்ப் போத்தலையும் பிஸ்கட் உறையையும் அதற்குள் வீசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மரபணுவை வைத்து அழிந்ததைத் திரும்ப உருவாக்கலாமே?

ஸ்பெயினில் ஒரு மலையாட்டினத்தின் கடைசிப் பெண் ஆடு 2000ல் செத்தது. அதன் உயிரணுவை வைத்து 2003ல் ஒரு குட்டி பிறந்தது. சில நிமிடங்களில் மூச்சுத் திணறிச் செத்தது. ஒரே இனம் இரண்டு தடவை அழிந்த கதை அது. தொழில்நுட்பம் வளரும், சரி. ஆனால் போத்தலில் இருக்கும் தவளையிலிருந்து இன்னொரு தவளை பிறந்தாலும், முட்டையை எத்தனை நாள் வயிற்றில் சுமப்பது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது? அதை விடுவதற்குக் காடு எங்கே? காட்டை வைத்துக்கொள்வது இதைவிட மலிவு.

தண்ணீர் வற்றினால் மவுசாகலையில் கோயில் தெரிகிறதே, அதையும் இதில் சேர்க்கலாமா?

ஏன் கூடாது? மவுசாகலை அணை 1969ல் கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் பௌத்தப் பன்சலையும் மேலே வரும். ஒரு தடவை அப்பாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். வெடித்துக் காய்ந்த சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நான் பார்த்தது கல்லும் சேறும். அப்பாயி பார்த்தது தெரு. இங்கேதான் துணிக்கடை, இங்கே திரும்பினால் கோயில், தேர் இந்த மூலையில் நிற்கும் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். கோயில் சுவரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து, சேற்றில் பாதி புதைந்திருந்த அம்மிக்கல் ஒன்றைத் தடவிப் பார்த்தார். நடுவில் அரைத்து அரைத்துப் பள்ளம் விழுந்திருந்தது.

புதைபடிவம் என்றால் என்ன என்று நான் வகுப்பில் விளக்குவது அந்த நாளுக்குப் பிறகு மாறிவிட்டது. கல்லைப் பார்த்துத் தெருவைச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.

புலியும் அழிந்துவிடுமா?

தோட்டத்தில் நாம் புலி என்று சொல்வது சிறுத்தையை. இப்போதைக்கு இருக்கிறது, ஆனால் கம்பிச் சுருக்கில் செத்துக்கொண்டிருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டியது. மிகமிக அபூர்வமான விலங்கு. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்தது. சுருக்கு வைப்பவர் அனேகமாகப் பன்றிக்கு வைக்கிறார், மரக்கறித் தோட்டத்தைக் காப்பாற்ற. அவருடைய கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. மாட்டிக்கொண்ட விலங்கைக் கண்டால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள்.

பழைய எலும்போ, கல்லாயுதமோ, வித்தியாசமான தவளையோ கண்டால் என்ன செய்வது?

எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவையோ ஐந்து ரூபாய்க் குற்றியையோ வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் மலை, எந்த ஓடைக்குப் பக்கம், என்ன தேதி என்று எழுதுங்கள். இடம் தெரியாத எலும்பு பாதி ஊமை. தவளை என்றால் சத்தத்தையும் போனில் பதிவுசெய்யுங்கள். பிறகு உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுங்கள், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ கொழும்புத் தேசிய நூதனசாலைக்கோ எழுத அவர் உதவுவார்.

எங்கள் அப்பாயிக்குப் படிப்பு இல்லை. அவர் சொல்வதை எழுதி என்ன பயன்?

இரண்டு வருடத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தன் அப்பாயி சொன்னதாக ஒரு விஷயம் கொண்டுவந்தாள். அந்த அம்மா இளம் வயதில் கொழுந்து எடுத்த மலைக்குக் கீழே ஓர் ஓடை, ஓடையின் இரு கரையிலும் கொஞ்சம் காடு. மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது அந்தக் காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருமாம், வெறும் போத்தலை விரலால் தட்டுகிற மாதிரி, மூன்று தட்டு, நிறுத்தி இன்னும் மூன்று. காட்டை எடுத்துவிட்டு டர்பன்டைன் மரம் நட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் இல்லை.

நாங்கள் மழைக்காலத்தில் இரண்டு மாலை அந்த ஓடைக்குப் போய் நின்றோம். தண்ணீர்ச் சத்தமும் காய்ந்த இலைச் சத்தமும் கேட்டது. திரும்பி வந்து பிள்ளை அப்பாயியிடம், அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று செய்துகாட்டச் சொன்னாள். அந்த அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கழுவி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி மூன்று தரம் சொடுக்கினார். கொஞ்சம் பொறுத்து இன்னும் மூன்று. பதினொரு விநாடிப் பதிவு. மலை நம்பரும் ஓடையின் பெயரும் தேதியும் சேர்த்து, அந்தப் பிள்ளையின் கையெழுத்தில், பாடசாலை விஞ்ஞான அறையில் இருக்கிறது.